கணுக்காலுக்கு வைத்த வெந்நீர் ஒத்தடம்

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூரில் நடந்தது இது. ஆண்டிமடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு மாதம் ஒருமுறை அங்கே நடக்கும் சிகிச்சை முகாமுக்கு பஸ்ஸில் போவேன். பிறக்கும்போது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் அவளுக்குக் கால்கள் விறைத்துக்கொள்ளும். குதிகால் தரையில் படாது, நுனிக்காலில்தான் நடப்பாள். திருச்சியில் ஆபரேஷன் செய்து குதிகால் தசைநாரை நீட்டிவிட்டார்கள். மாவுக்கட்டைப் பிரித்ததும் கம்பி வைத்த பூட்ஸ் ஒன்றைக் கொடுத்து, தூங்கும்போதுகூடக் கழற்றக் கூடாது என்றார்கள்.

பாதம் எவ்வளவு தூரம் மேலே மடங்குகிறது என்று அளந்து பார்க்க, திருச்சியிலிருந்து ஓர் அம்மா மாதம் ஒரு நாள் ரயிலில் வருவார். ‘எக்சர்சைஸ் டாக்டர்’ என்போம். முப்பது வயதுகூட இருக்காது. பாகைமானியில் இரண்டு ஸ்கேலைப் பூட்டியது மாதிரி ஒரு கருவியைக் கணுக்காலில் வைத்து, வரும் எண்ணை நோட்டில் எழுதிக்கொள்வார்.

வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு அந்த எண்தான் பரீட்சை மார்க். “உங்க புள்ளைக்கு எவ்ளோங்க வந்துச்சு?” என்று கேட்டுக்கொள்வோம். இரண்டாம் மாதம் என் மகளுக்குக் குறைந்துவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். பூட்ஸை மாட்டினால் அவள் அழுவாள், மனசு கேட்காமல் நான் கழற்றிவிடுவேன். அதை வெளியே சொல்ல வெட்கம். எனக்கு வீம்பு வேறு ஜாஸ்தி.

மூன்றாம் மாதம் ஒரு வேலை செய்தேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வெந்நீர் வாங்கி, துண்டை நனைத்து அவள் கணுக்காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன். பாதத்தை உள்ளங்கையால் அழுத்தி மடக்கிக்கொண்டே போய் வரிசையில் உட்கார்ந்தேன். சூட்டில் இளகிய கால் நன்றாக மடங்கி, எண் ஜம்மென்று ஏறிவிட்டது!

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அசத்திட்டியே பாப்பா! இப்பவே பூட்ஸை விட்டுடலாம் போலிருக்கே” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு வழக்கம்போல் மகளின் பாதத்தை நனைத்து சிமெண்டுத் தரையில் நடக்கவிட்டார். ஈரத்தடத்தில் குதிகாலைக் காணோம். அவர் முகம் மாறியது. மறுபடி அளந்தார், எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான்தான் எங்கயோ தப்பா வச்சு அளந்திருக்கேன். காலையிலேர்ந்து பார்த்த புள்ளைங்க எல்லாரையும் திரும்ப அளக்கணும். யாரும் போயிடாதீங்கம்மா” என்றார். அவருடைய ரயிலுக்கு அரைமணி நேரம்தான் இருந்தது. அது போனால் போகட்டும் என்று, தெருமுனை வரை போய்விட்ட ஒரு தாயை ஓடிப்போய்க் கூட்டிவந்தார்.

என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் சண்டை போட்டாவது சமாளித்திருப்பேன். தன் கையையே சந்தேகப்படுகிறவரிடம் என்ன சண்டை போடுவது?

“உங்க மேல தப்பில்லீங்க. நான்தான் வெந்நி ஒத்தடம் குடுத்து ஏமாத்திட்டேன்” என்று எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

அவர் திட்டவில்லை. எழுதிய எண்ணை அடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “இந்த நம்பர் பாப்பாவுக்கு மார்க் இல்லீங்க, நாங்க செஞ்ச வேலைக்குத்தான் மார்க். கம்மின்னா கம்மின்னு எனக்குத் தெரியணும். தெரியாம பூட்ஸைக் கழட்டச் சொல்லியிருந்தா, காலு பழையபடி இழுத்துக்கிட்டு மறுபடி ஆபரேஷன்ல போயி நின்னிருக்கும்” என்றார்.

கால் சூடு ஆறும்வரை காத்திருந்து அளந்தார். போன மாதத்தைவிடக் குறைவு. அதை அப்படியே எழுதிக்கொண்டு, பூட்ஸை ஒழுங்காகப் போடுகிறாளா என்று கேட்டார். மாட்டினால் அழுகிறாள், கழற்றிவிடுகிறேன் என்றேன். பூட்ஸுக்குள் கைவிட்டுத் துழாவி, ஓரிடத்தில் கம்பியின் முனை குத்துவதைக் கண்டுபிடித்தார். பெற்றவள் நான், ஒருநாள்கூட உள்ளே கைவிட்டுப் பார்க்கவில்லையே! தன் கைக்குட்டையை மடித்து அந்த இடத்தில் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து மகள் பூட்ஸுக்கு அழவில்லை.

அடுத்த ஐந்தாறு மாதத்தில் ஈரத்தரையில் அவளுடைய முழுப் பாதமும் விழுந்தது. இன்றும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறாள், ஆனால் குதிகாலை ஊன்றி நடக்கிறாள். எது தப்பாகப் போனாலும் அடுத்தவர் மேல் பாய்வது என் பிறவிக் குணம். இப்போதெல்லாம் வாயைத் திறப்பதற்கு முன் அந்த அம்மாவை நினைத்துக்கொண்டு முதலில் என் கையைப் பார்க்கிறேன், பாதி நேரம் தப்பு அங்கேதான் இருக்கிறது.