வாய்க்கால் படியின் வாசனை

என் அண்ணி வாசனைத் திரவியம் செய்கிறவள். சமையலறையை ஒட்டிய சின்ன அறைதான் அவளுடைய பட்டறை. குப்பி கழுவுவது என் வேலை.

அண்ணிக்குப் பூ வாசனையில் நாட்டமில்லை. சிறுமியாக இருந்தபோது கால் நனைத்து உட்கார்ந்த வாய்க்கால் படிதான் அவளுக்கு வேண்டும்: நனைந்த கல், பாசி, நசுங்கிய கோரைப்புல்.

"தண்ணிக்கு ஏது வாசம்?" என்று அண்ணன் சீண்டுவான்.

"தண்ணி தொட்டதுக்கெல்லாம் இருக்கு, போங்க."

எத்தனையோ முறை கலந்து கொட்டியபின் இந்த மழைக்காலத்தில்தான் அது பிடிபட்டது. வாசனைத் திரவியக் கடைக்கார அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "பெரிய குப்பியில கலந்து வை. இதே மாதிரி வந்தா என் கடை அலமாரியில உனக்குன்னு ஒரு தட்டு ஒதுக்குறேன்" என்றார்.

அதற்குள் அண்ணிக்குக் காய்ச்சல் வந்து போனது.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். பேச்சு அதிகம் வராது, பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வாசனைக்கும் அடுத்ததற்கும் நடுவே, மூக்கு தெளிவதற்காக, அண்ணி தன் சட்டைக் கையில் மூக்கைப் புதைத்துக்கொள்வாள். காய்ச்சலுக்குப் பிறகு அப்படிச் செய்யவில்லை. ஒரு நாள் காலை நான் முற்றத்தில் குப்பிகளைக் காயவைத்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் தீய்ந்தது. அண்ணி அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று காய் நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"வீடே நாறுது! ரெண்டு பேர்ல ஒருத்திக்கும் மூக்கு இல்லையா?" அண்ணன் ஓடிவந்து அடுப்பை அணைத்தான். அண்ணி சிரித்தாள். அப்போதும் அவள் மூக்கைச் சுளிக்கவில்லை. பெரிய குப்பியை வாங்கிப்போகக் கடைக்கார அம்மா அன்று சாயங்காலம் வருவதாக இருந்தது.

மதியம் கழுவிய குப்பிகளுடன் அறைக்குள் போனேன். அண்ணி ஒரு காகிதக் கீற்றைப் பெரிய குப்பியில் நனைத்து என்னிடம் நீட்டினாள்.

"எப்படி இருக்கு?"

இதுவரை என்னிடம் கேட்டதே இல்லை. நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு நழுவத்தான் மனம் சொன்னது. கீற்றை வாங்கி இரண்டு தரம் முகர்ந்தேன்.

"காயாத துணியை மடிச்சு வச்ச மாதிரி இருக்கு அண்ணி."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலடி. வாசம் வரலையேன்னு பாசி எண்ணெயை ஊத்திக்கிட்டே இருந்தேன். கோரை எண்ணெய் சேர்த்தா சரியாகும். எங்க நிறுத்தணும்னு நீதான் சொல்லணும்."

"நான் அந்த வாய்க்காலைப் பார்த்ததே இல்லையே!"

"கடைக்கார அம்மா அன்னைக்கு மோந்து பார்த்த குப்பியைக் கழுவினது நீதானே?"

ஆமாம். அந்த வாசனை விரலை விட்டுப் போகாமல், சாப்பிடும்போதுகூட வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணி சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினாள். நான் குப்பிக்குள் விரலை விட்டு விட்டு முகர்ந்தேன்.

"இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதும்!"

சரியாகத்தான் சொன்னேனா? யோசிக்க நேரமில்லை, வாசலில் மணி அடித்தது.

கடைக்கார அம்மா முகர்ந்து, நெற்றியைச் சுருக்கி, மறுபடி முகர்ந்தார்.

"அன்னைக்கு மாதிரி இல்லையே. தண்ணிக்குப் பக்கமா இன்னும் ஒரு படி கீழ இறங்கின மாதிரி இருக்கு" என்று நிறுத்தினார். பிறகு மூடியை இறுக்கினார். "இதுவே இருக்கட்டும். தட்டு உனக்குத்தான். அச்சு அசலா இதே மாதிரி இன்னொரு குப்பி கலந்து வை."

அவர் குப்பியோடு போனதும் அண்ணி என்னைப் பார்த்தாள்.

"எத்தனை சொட்டு விட்டோம்?"

இருவரும் எண்ணவில்லை. அவளுக்கு மூக்கு எப்போது திரும்பும் என்றும் தெரியாது. எழுந்து குழாயடிக்குப் போனேன். அண்ணி பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஐயோ, கையைக் கழுவிடாதடி!"