கர்ட்டன் அக்காவை யாரும் நம்பாத வாரம்

அவளை எல்லோரும் கர்ட்டன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபதைத் தாண்டியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பொண்ணு பார்க்க வர்றோம்னு சொன்ன அன்னிக்கு ஒரு ஓட்டலுக்குத் திரை தைச்சிட்டிருந்தேன், நேரம் கிடைக்கல" என்பாள். கீழே ஜன்னல் திரை தைக்கும் கடை, மேலே வீடு. கடையில் அவளோடு இன்னொருத்தி உண்டு. வீடு வீடாகப் போய் ஜன்னல்களுக்கு அளவெடுத்து வருவாள் என்பதால் அளவுக்காரி. அக்காவைவிட இளையவள், கணவனை இழந்தவள். இருவரும் சண்டை போடாமல் ஒரு திரையைக்கூட முடித்ததில்லை.

ஒருநாள் காலை கடை திறக்கவில்லை. அளவுக்காரி மேலே போய்த் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தாள். அக்கா பழைய தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். ஊசிக்கடியில் துணி இல்லை. இல்லாத துணியை இரண்டு கையாலும் இழுத்து இழுத்து விட்டாள்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"ஓரம் மடிச்சிட்டிருக்கேன். நீ யாரு?"

அளவுக்காரி ஓடிப்போய் அவள் நெற்றியில் கை வைத்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே, "நீங்க இவங்களுக்கு என்ன உறவு?"

"ஒண்ணா வேலை பார்க்கிறோம்."

"சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

அக்காவின் போனில் இறந்துபோன அண்ணனின் மகன் எண் இருந்தது. வேறு ஊரில் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவன். நல்ல பையன்தான், ஆனால் அத்தையைப் பார்த்து வருஷக்கணக்காயிற்று. வந்தவனைப் பார்த்து அத்தை, "இந்தத் திருடனை வெளிய அனுப்புங்க" என்று கத்தினாள். அவன் மிரண்டுபோனான். தன் அம்மாவின் கடைசிக் காலம் அவனுக்கு ஞாபகம் வந்தது. அவளும் இப்படித்தான் ஆளைத் தெரியாமல் போய்ச் சேர்ந்தாள். அவசரத்தில் இருந்த ஒரு டாக்டர், "வயசாயிடுச்சு, மறதி நோயா இருக்கலாம், இனிமே தனியா விடாதீங்க" என்றார். காய்ச்சல் குறைந்ததும் அவன் முதியோர் இல்லத்தில் இடம் பிடித்தான், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான், அத்தை வீட்டைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டான்.

அக்காவுக்கு நினைவு தெளிந்தது அந்த இல்லத்தில்தான். கண்ணைத் திறந்ததும் ஜன்னல் திரையைத்தான் பார்த்தாள். யாரோ அளவு தெரியாமல் தைத்தது, கீழே ஒரு முழம் குறைச்சல். தன் வீடு இல்லை என்று அதை வைத்தே புரிந்துகொண்டாள். எழுந்து வாசலுக்குப் போனாள். பூட்டு.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் தெளிவா இருக்கேன். கதவைத் திறங்க."

"சரி பாட்டி, சாப்பிட்டுப் போலாம்" என்றாள் நர்ஸ், அன்பாகவே.

"பாட்டியா? யாருக்குப் பாட்டி நான்? எனக்குக் கடை இருக்கு!"

"ஆமா பாட்டி, கடை இருக்கு."

அப்போது பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணும் இல்ல. நான் தெளிவா இருக்கேன். என்னை வீட்டுக்கு அனுப்புங்க" என்றாள். நர்ஸ் அவளிடமும் அதே குரலில், "சரி பாட்டி" என்றாள். அந்தப் பெண் தலையணையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா கதவிலிருந்து கையை எடுத்தாள். அவளும் நானும் ஒரே வார்த்தையைத்தானே சொல்கிறோம்? கத்தினால் முற்றிவிட்டது என்பார்கள். அழுதால் மாத்திரை கொடுப்பார்கள். பேசாமல் இருந்தால் அடங்கிவிட்டாள் என்று எழுதிக்கொள்வார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று மெல்ல வந்து நெஞ்சில் உட்கார்ந்தது: ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ? அந்தப் பெண்ணுக்கும் தான் தெளிவாக இருப்பதாகத்தானே தோன்றுகிறது? அன்றிலிருந்து அக்கா வாய் திறக்கவில்லை. பழைய வாடிக்கைக்காரர்களின் ஜன்னல் அளவுகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தாள். ஒன்று தப்பினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அளவுக்காரி பார்க்க வந்தபோது அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு காதோடு காதாகச் சொன்னாள்: "நான் நல்லா இருக்கேன்டி. நீயாவது நம்பு."

அளவுக்காரி அவள் முகத்தையே பார்த்தாள். "அந்தத் திரை எப்படி இருக்கு?"

"கண்றாவியா இருக்கு. மடிப்பெல்லாம் கோணல்."

"இது எங்க அக்காவேதான். இருங்க, டாக்டரைக் கூட்டிட்டு வரேன்."

முதியவர்களுக்கென்றே வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருத்தியைத் தேடிப் பிடித்தாள். அண்ணன் மகனையும் போனில் திட்டி வரவழைத்தாள். டாக்டரம்மா கேட்டதெல்லாம் சாதாரணக் கேள்விகள்தான். இன்று என்ன கிழமை? அக்காவுக்குப் பயத்தில் கிழமை வரவே இல்லை. அண்ணன் மகன் தலையைக் குனிந்துகொண்டான். போச்சு, எல்லாம் போச்சு என்று அக்கா நினைத்தாள்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். "இங்க எல்லா நாளும் ஒரே மாதிரிதான் இருக்கு, எனக்கே கிழமை மறந்துடும். தண்ணி குடிங்க. நாளைக்கு மறுபடி வரேன்."

மறுநாள் அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்த டாக்டரம்மா, சிறுநீரில் கிருமித் தொற்று வந்து அதனால் புத்தி குழம்பியிருக்கிறது, வயதானவர்களுக்கு இப்படி வரும், மருந்து வேலை செய்ததும் தெளிந்துவிட்டது என்றாள்.

அண்ணன் மகன் அத்தை காலடியில் உட்கார்ந்தான். "அத்தை, நான் பயந்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

"நான் மட்டும் என்ன, கும்மாளமா போட்டேன்? சாவியைக் குடு."

வீட்டுக்கு வந்தும் பயம் விடவில்லை. மறுபடி வந்தால்? வக்கீலிடம் போனாள். புத்தி தெளிவாக இருக்கும்போதே, உங்கள் சார்பில் வைத்தியத்தைப் பற்றி யார் பேச வேண்டும், என்னென்ன கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம், அந்த ஆள் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை என்றார் அவர்.

அளவுக்காரியிடம் கேட்டபோது அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். "என்னால முடியாதுக்கா. என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில மூச்சு மெஷினை நிறுத்தவான்னு கேட்டப்போ நான்தான் தலையாட்டினேன். இன்னும் அந்தச் சத்தம் காதுல இருக்கு. இன்னொரு தரம் என் வாயால சொல்ல மாட்டேன்."

இத்தனை வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து தைத்தும் அக்காவுக்கு இது தெரியாது. மெஷினைவிட்டு எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "முடிவை நான் எழுதி வைக்கிறேன். அந்தப் பாவம் புண்ணியம் எல்லாம் என்னோடது. நான் சொன்னதை எடுத்துச் சொல்ல ஒரு வாய் வேணும். அவ்வளவுதான் உன்கிட்ட கேக்கிறேன்."

அளவுக்காரி அழுதாள். இரண்டு நாள் கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள். அண்ணன் மகனுக்கும் சொன்னார்கள். அவன் கொஞ்சம் வருத்தப்பட்டான், கொஞ்சம் நிம்மதியும் அடைந்தான்.

மழைக்காலத்தில் அந்தக் காய்ச்சல் திரும்ப வந்தது. கையிலிருந்த பித்தான் எது, ஊசி எது என்று குழம்பத் தொடங்கியதும் அக்காவே, "வந்துடுச்சுடி" என்றாள். ஆஸ்பத்திரியில் உறவு என்ன என்று கேட்டவர்களிடம் அளவுக்காரி பத்திரத்தை நீட்டினாள். "முதல்ல யூரின் டெஸ்ட் பண்ணுங்க. வீட்டுக்குத்தான் திரும்பக் கூட்டிட்டுப் போவேன், வேற எங்கயும் அனுப்பக் கூடாது" என்றாள். குரல் நடுங்கினாலும் சொல்லி முடித்தாள்.

அக்கா தெளிந்து கண் திறந்தபோது பக்கத்து நாற்காலியில் அவள் இருந்தாள்.

"எங்க இருக்கேன்?"

"ஆஸ்பத்திரியில. நாளைக்கு வீட்டுக்குப் போறோம்."

"ஏதாவது உளறினேனா?"

"எனக்கு அளவெடுக்கவே தெரியாதுன்னு வார்டு முழுக்கக் கேக்கக் கத்தினீங்க."

"அது உளறல் இல்லையே" என்றாள் அக்கா. சிரித்தாள். ஆனால் அளவுக்காரியின் முந்தானையைப் பிடித்திருந்த கையை மட்டும், மறுநாள் வீட்டுப் படியேறும்வரை அவள் விடவில்லை.