முதல் கியரில் ஒரு உதறல்

செங்கல்பட்டில் மே மாதத்தில் குளிர்ந்த காற்றைத் தேடி அலைகிறவனைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் தேடியது எனக்காக அல்ல, காருக்காக. டர்போ என்ஜினுக்குக் குளிர்ந்த காற்றைக் கொடுத்தால் இழுவை கூடும் என்று முகம் காட்டாத யாரோ ஒருவர் வீடியோவில் சொல்லியிருந்தார். வீட்டில் பத்து முறை சொன்னாலும் காதில் ஏறாத எனக்கு, அவர் சொன்னது ஒரே தடவையில் ஏறிவிட்டது.

கார் என்னுடையதல்ல என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் மனைவியுடையது. அவள் நெம்மேலி பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை ஒரு பஸ், அங்கே இறங்கி இன்னொரு பஸ். பன்னிரண்டு வருடம் அப்படிப் போய்வந்தவள், முப்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு முதல் தேர்விலேயே லைசென்ஸ் வாங்கினாள். நான் மூன்றாவது தேர்வில் வாங்கியவன். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை, வாரத்துக்கு ஒருமுறை அவளைத் தவிர. கார் வந்த பிறகு சாயங்காலங்களில் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள்.

கோடை விடுமுறையில் கார் ஒரு மாதம் வாசலில் சும்மா நின்றது. எனக்குக் கை அரித்தது. எங்கள் தெருவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் நண்பனைக் கூப்பிட்டேன்.

"இன்னா மச்சான், காத்தைக் குளுர வெக்கிறது என் பொழப்பு. என்னைக் கேக்காம வீடியோவைக் கேட்டுகினு கீற?" என்று கோபித்துக்கொண்டான். பிறகு என்னைவிட அவனுக்குத்தான் ஆசை அதிகமாக இருந்தது.

முதலில் ஆராய்ச்சி. என் மகளின் காய்ச்சல் தெர்மாமீட்டரை பானெட்டுக்குள் வைத்தோம். அளவு தாண்டிவிட்டது என்று காட்டியது. வெளியே பம்பர் பக்கத்தில் வைத்தோம். அங்கேயும் அதையேதான் காட்டியது. என்ஜினுக்கும் தெருவுக்கும் ஒரே காய்ச்சல். நியாயப்படி அத்தோடு பானெட்டை மூடியிருக்க வேண்டும். ஆனால் நாங்கள் அதற்குள் பிளம்பிங் கடைக்குப் போய்விட்டு வந்திருந்தோம்.

கம்பெனி வைத்த காற்றுப் பெட்டியையும் அதன் குழாயையும் கழற்றினோம். அந்த இடத்தில் மூன்று அங்குல பிவிசி பைப்பை இரண்டு எல்போ போட்டு வளைத்து, பம்பரில் இருந்த ஓட்டை வரை கொண்டுபோனோம். நுனியில் புது ஃபில்டர். உள்ளே போகும் காற்றை அளக்கிற சென்சாருக்கு பைப்பில் ஓட்டை போட்டு அதைச் சொருகினோம். மேலே ஏசி டக்டுக்குச் சுற்றுகிற வெள்ளி டேப். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

அன்றே மாமல்லபுரம் வரை ஓட்டிப் பார்த்தோம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் விசில் வரப்போகும் குக்கர் மாதிரி ஒரு சத்தம். "பறக்குது மச்சான்!" என்றான் நண்பன். அப்போது ஒரு டவுன் பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது. அதை நாங்கள் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். இரண்டு பேர் தங்கள் காருக்கும் செய்துதரச் சொன்னார்கள்.

ஜூனில் பள்ளி திறந்தது. முதல் நாளே அவள் முகம் சரியில்லை.

"இன்னாபா, வண்டி எடுக்கும்போது குதிக்குது?"

"வண்டி எங்க குதிக்குது? ஒரு மாசம் ஓட்டாம வுட்டுட்ட, கை மறந்து போச்சி. கிளட்சை மெதுவா வுடு" என்றேன்.

சத்தியமாக அப்போது அதை நம்பித்தான் சொன்னேன். நான் எடுக்கும்போது குதிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரைக் காட்டுத்தனமாக மிதித்துத்தான் எனக்கு வண்டி எடுக்கத் தெரியும். அவள் நான் சொன்னபடி இன்னும் மெதுவாக விட்டாள், கார் இன்னும் அதிகமாகக் குதித்தது. திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் மூன்று முறை நின்றுபோய், பின்னால் வந்த வேன்காரன் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறான். அன்று சாயங்காலம் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். நாளையிலிருந்து பஸ் என்றாள்.

சில நாள் கழித்து ஒரு கல்யாண ஊர்வலத்தின் பின்னால் மாட்டிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் காரை மெதுவாக எடுத்தேன். குதித்தது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் குதித்தது.

நேராக நண்பனிடம் போனேன். அவன் பானெட்டைத் திறந்து, சென்சார் சொருகிய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். கம்பெனிக் குழாயைவிட நாங்கள் போட்ட பைப் அகலம். அதில் சென்சார் காற்றைக் குறைத்து அளக்கிறது, அதனால் என்ஜினுக்குப் பெட்ரோல் குறைவாகப் போகிறது, அதுதான் உதறுகிறது. "தங்கச்சி மேல தப்பில்ல மச்சான். நம்ம பைப்பு மேலதான் கீது. போய் சொல்லிடு" என்றான்.

சொல்லவில்லை. இரண்டு வாரம் சொல்லவில்லை. பீற்றிக்கொண்ட வாயால் எப்படிச் சொல்வது என்பது ஒரு காரணம். அவளைவிட நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று முதல்முறையாக வீட்டில் ஒரு நிலைமை வந்திருந்தது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய காரணம். எழுதவே கூசுகிறது.

ஒருநாள் அவள் யாரிடமோ போனில் பேசியது காதில் விழுந்தது. "எனக்கு வராதுடி. சில பேருக்குக் கை வராது. காரை வித்துடலாம்னு கீறேன்." அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். விடைத்தாளில் மார்க் போடுகிற குரலில் சொன்னாள்.

சனிக்கிழமை அவள் மார்க்கெட் போன நேரத்தில் பைப்பைக் கழற்றிப் பழைய பெட்டியையே மாட்டினேன். கார் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. சத்தமில்லாமல் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். சாயங்காலம் சாவியை நீட்டி ஒரு ரவுண்டு போய்வரச் சொன்னேன். அவள் கையை நீட்டவில்லை. "இன்னாத்துக்கு? ரோட்ல நின்னு திட்டு வாங்கவா?" என்று அரிசி களையப் போய்விட்டாள். காரைச் சரிசெய்தாகிவிட்டது, அவளை அல்ல.

திங்கட்கிழமை, அவள் பள்ளியைத் தாண்டித் திருவிடந்தையில் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி அவளைக் காரில் ஏற்றிக்கொண்டேன். மாமல்லபுரம் தாண்டி ரோட்டோரம் சவுக்குத் தோப்புப் பக்கம் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

அவள் கேட்டது ஒன்றுதான். "எத்தினி நாளா தெரியும்?"

"ரெண்டு வாரமா."

"பத்து நாள் ஸ்கூலு. தெனம் நாலு பஸ்ஸு. நாப்பது பஸ்ஸு ஏறி எறங்கியிருக்கேன், எனக்குத்தான் வரலன்னு நெனச்சிகினு." சீட் பெல்ட்டைக் கழற்றினாள். "எறங்கு" என்றாள்.

இறங்கி, சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் ஏறலாம் என்று வருவதற்குள் ஸ்டியரிங் முன்னால் மாறி உட்கார்ந்து கதவுகளைப் பூட்டிவிட்டாள். சீட்டை முன்னே இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். என் பக்கம் திரும்பவில்லை.

சறுக்குகிற மணலிலிருந்து மேடேறித்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். நான் ஓரமாக நகர்ந்து நின்று பார்த்தேன். நல்லபடியாக ஏற வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நான் காத்திருந்தது ஒரு உதறலுக்கு. சின்னதாக ஒன்று வந்தாலும் போதும், தப்பில் கொஞ்சம் அவளுக்கும் பங்கு இருந்தது என்றாகிவிடும்.

கார் உதறவே இல்லை.