தோளில் கால்சியம், வீட்டில் பால் இல்லை

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாற்பது வருசம் பால்கோவா கிண்டியவன் நான். புளிய விறகுப் புகை இன்னும் என் சட்டையில் வீசுவதாக மருமகள் மாரி சொல்வாள். அது கிடக்கட்டும்.

போன வருசம் வலது கையைத் தூக்க முடியவில்லை. ராஜபாளையத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, தோளில் கால்சியம் படிந்திருக்கிறது என்றார். பாலில்தான் கால்சியம் என்று டிவியில் கேட்டிருந்தேன். பால் ஆவியிலேயே நின்ற உடம்பாயிற்றே! டாக்டரிடம் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இனி வீட்டுக்குள்ள பாலே வரக்கூடாது" என்றேன்.

ஐந்து மாசம் முழுகாமல் இருந்த மாரி, "சரி மாமா" என்றாள்.

டாக்டர் சொன்ன கைப்பயிற்சிக்கு, ராஜபாளையத்துக்கு அவள்தான் என்னை பஸ்ஸில் கூட்டிப்போவாள். ஒருநாள் அங்கே பெஞ்சில் இருந்தவள், கெண்டைக்கால் இழுத்துத் துடித்தாள். பயிற்சி கொடுக்கும் பெண் ஓடிவந்து காலை நீவினாள்.

"பால் குடிக்கியளாக்கா?"

நான்தான் விசயத்தைச் சொன்னேன்.

"நல்லாருக்கு தாத்தா! பால் குடிச்சா தோள்ல போயி உக்காந்துக்கிடுமாக்கும்? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பிள்ளத்தாச்சிக்குப் பால நிப்பாட்டிட்டியளே!"

"நீயாவது சொல்லியிருக்கலாம்லா தாயி?" என்றேன் மாரியிடம்.

"வலியில கெடந்திய. ஒங்க மனசும் நோகணுமான்னு இருந்துட்டேன் மாமா."

திரும்பும்போது டீக்கடையில் பால் வாங்கி, வலிக்கும் வலது கையாலேயே அவளிடம் நீட்டினேன். "பாத்து மாமா, சிந்திராம" என்று சிரித்தாள்.

பயிற்சியில் கை மெல்ல மெல்லச் சரியாகிவிட்டது. பேத்தியும் நல்லபடியாகப் பிறந்தாள். அந்தக் கையால்தான் அவளைத் தூக்குகிறேன். தூக்கும்போதெல்லாம், டாக்டரிடம் கேட்காமல் வந்த அந்த ஒரு கேள்வி ஞாபகம் வருகிறது.