கசார்வாடியில் கேட்க முடியாத குரல்

2005 ஜனவரி கடைசியில் புனே போய் வந்தேன். கோட்டை, கோயில் படங்களை எதிர்பார்த்து இதைப் படிக்க வந்தவர்கள் மன்னிக்கவும், எதையும் பார்க்கவில்லை. என்னுடன் எம்.ஏ. படித்த மல்லிகாவின் அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. படையல் போடும் நாளுக்குக் கூப்பிட்டிருந்தாள். கூடவே எனக்கு ஒரு வேலையும் வைத்திருந்தாள்.

நாங்கள் 1998 முதல் இரண்டு வருடம் புனேயில் வரலாறு படித்தோம். சிறப்புப் பாடம் ஆசிய வரலாறு. "சீனாக்காரன் கதையப் படிச்சு எந்த ஊர்ல வேலை பாக்கப் போற?" என்று என் வீட்டில் கேட்காத ஆள் இல்லை; கடைசியில் சென்னையில் ஒரு பள்ளியில் டீச்சரானேன். மல்லிகா புனேயிலேயே பிறந்தவள். அவள் அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பூர்வீகம் ஆற்காடு பக்கம். ஆனால் பிறந்தது பர்மாவில். 1942-இல் அங்கே குண்டு விழுந்தபோது, சிறு பையனாக இந்தியாவுக்கு நடந்தே வந்தவர். அப்படி வந்து புனேயில் தங்கிவிட்ட தமிழர்களைப் பற்றித்தான் மல்லிகா ஆய்வேடு எழுதினாள். முதல் பேட்டி அப்பாவுடையது.

பேட்டிக்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. கேசட்டில் பதிவு செய்வோம். சுடச்சுட ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதுவோம். ஆய்வு வழிகாட்டி படித்துச் சரி என்றதும் அதே கேசட்டில் அடுத்த ஆளைப் பதிவு செய்வோம். ஆய்வேட்டுக்கு வேண்டியது எழுத்துதானே! மல்லிகாவும் அப்பா பேசியதன் மேலேயே, தாபோடியில் இருந்த இன்னொரு பெரியவரைப் பதிவு செய்தாள். அப்பாவின் குரல் அழிந்தது பெரிதாகப் படவில்லை. அவர்தான் வீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தாரே.

இப்போது மல்லிகாவின் அம்மா, படையலன்று அவர் குரலைக் கேட்டே ஆகவேண்டும் என்றிருக்கிறார். டேப் கெட்டுப்போய்விட்டது என்று மல்லிகா சமாளித்திருக்கிறாள். அப்படியானால் எழுதியதையாவது படி என்றாராம். மல்லிகாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தடுமாறும். ஆங்கிலத்தில் இருந்த அவள் அப்பாவை நான் தமிழில் திருப்பிப் படிக்க வேண்டும். அதுதான் வேலை.

சென்னையிலிருந்து மும்பை வண்டியில் ஏறினால் மறுநாள் காலை புனே. ஸ்லீப்பர் சுமார் முந்நூற்றைம்பது ரூபாய். வாடி ஜங்ஷன் தாண்டியதும் போர்வையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஜனவரிக் குளிர் எலும்பு வரை போகும். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் கசார்வாடி என்றதுமே தலையை ஆட்டிவிட்டார். "உதர்சே சவாரி நஹி மில்தா, மேடம்." திரும்பி வரும்போது ஆள் கிடைக்காதாம். உள்ளே போய் லோனாவாலா லோக்கலைப் பிடித்தேன். சில்லறைக் காசுதான் டிக்கெட், அரை மணிக்குள் கசார்வாடி. மூட்டை முடிச்சு இல்லாதவர்களுக்கு இதுதான் சரி.

நெடுஞ்சாலை ஓரத்தில் லேத் பட்டறைகளுக்குப் பின்னால் வீடு. மல்லிகா இப்போது ஔந்தில் குடியிருக்கிறாள், வேலை பாணேரில் ஒரு கணினி நிறுவனத்தில். வரலாற்றை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன. படையலுக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

படத்துக்கு முன்னால் இலை போட்டு, மட்டன் குழம்பு, வடை, அவருக்குப் பிடித்த புனே பலகாரம் பாகர்வடி எல்லாம் வைத்தார்கள். அம்மா என்னைப் பார்த்து, "படி டீச்சரு" என்றார். நான் ரயிலில் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன்.

"நாங்கள் பல வாரங்கள் நடந்தோம். உணவு கிடைக்கவில்லை. ஆற்றங்கரையில் என் தங்கை காலராவால் இறந்தாள்."

அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது யாரு பேசறது?"

"அப்பாதான்மா," என்றாள் மல்லிகா.

"அவரு எங்க இப்டி பேசுவாரு? எறந்தாள்னு ஒரு நாளும் சொன்னது இல்ல. 'பாப்பா அங்கியே தூங்கிடுச்சி, நாங்க எயுப்பாம வந்துட்டோம்'னுதான் சொல்லுவாரு. அத்த சொல்லச்சொல்ல தொண்ட அடச்சிக்கும். எங்க அது?"

பேட்டியில் மல்லிகா காதால் கேட்டது அதைத்தான். கேட்டுவிட்டு, ஆய்வேட்டின் ஒழுங்குக்காக ஆங்கிலத்தில் 'இறந்தாள்' என்று எழுதியிருக்கிறாள். தொண்டை அடைத்ததை எழுத இடமே இல்லை. நான் காகிதத்தை மடித்தேன்.

"டேப் கெட்டுப்போகலம்மா," என்றாள் மல்லிகா. அழுதுகொண்டே சொன்னாள். "நான்தான் அதுக்கு மேலயே தாபோடிப் பெரியவர ரிகார்ட் பண்ணிட்டேன். அரே, அப்பா வீட்லதானே இருக்காருன்னு..."

அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். இலையில் சரிந்திருந்த வடையை நேராக எடுத்து வைத்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பெரியவரு கீறாரா?"

"போன வருஷமே போயிட்டாரு. பொண்ணு இருக்கா."

"அவளுக்காவது குடுத்தியா?"

கொடுக்கவில்லை. அந்தக் கேசட்டில் அதுதான் கடைசிப் பேட்டி, அதனால் அழியாமல் பெட்டியில் கிடந்தது. நாளைக்கே போகலாம் என்று அம்மா எழுந்து இலையை எடுத்தார்.

தாபோடி, புனே பக்கம் அடுத்த ஸ்டேஷன்; மறுநாள் மூவரும் போனோம். பெரியவரின் மகளுக்கு ஐம்பது வயதிருக்கும். மல்லிகா டேப்பை ஓட்டியதும் பெரியவரின் சிரிப்பு முதலில் வந்தது. அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அப்பா... எங்கப்பா" என்று டேப் ரிகார்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முழுதும் கேட்டு முடித்த பிறகு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

மல்லிகா கேசட்டை வெளியே எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுக்கும்முன் அம்மா அதை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"மல்லிகா, இதுக்குக் கீயதான அவரு கீறாரு?"

அம்மா கேசட்டை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

புனே போகிறவர்களுக்கு: லோக்கலில் காலை எட்டு முதல் பத்து வரை கூட்டம் தாங்காது, அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஆய்வுக்காகப் பெரியவர்களிடம் பேசப் போகிற மாணவர்களுக்கு: உங்கள் வழிகாட்டி என்ன சொன்னாலும் சரி, ஆளுக்கொரு கேசட் வையுங்கள். முப்பது ரூபாய்க்கு எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.