சுறா இல்லாத புட்டு

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு கொடுப்போம். தாய்ப்பால் ஊறும். அதைச் செய்து கொடுக்கத்தான் ரீயூனியன் தீவுக்குப் போனேன். எனக்கு அங்கே வேறு வேலை இல்லை.

மகளைக் காரைக்காலிலேயேதான் கட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்கு அவர் அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணமான மறு வருஷம் இரண்டு பேரும் பிரெஞ்சுக்காரர்களின் அந்தத் தீவுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். தலைப்பிள்ளைக்கு அவள் என்னிடம் வந்திருக்க வேண்டும். வர முடியவில்லை என்றாள். நான் போனேன். விசா இழுத்தடித்தது. பிள்ளை பிறந்து எட்டாம் நாள்தான் போய் இறங்கினேன். கருவாடு எடுத்து வர வேண்டாம், நாறும் என்று மாப்பிள்ளை போனிலேயே சொல்லியிருந்தார். வெறுங்கையோடு போனது போல இருந்தது.

முதல் நாளே சுறா கேட்டேன்.

"இங்க விக்க மாட்டாங்க அத்தை. விக்கக் கூடாதுன்னு சட்டம்" என்றார் மாப்பிள்ளை.

"கடல்ல சுறா இருக்குல்ல?"

"நெறைய இருக்கு. குளிக்கிற ஆளயே கடிக்குது. ஆனா அதத் திங்கக் கூடாது. வெஷம் இருக்குமாம்."

"நாம அதத் திங்கக் கூடாது. அது நம்மளத் திங்கலாம். நல்ல சட்டந்தான்."

மகள் சிரித்தாள். நான் இருந்த நாட்களில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை வேலைக்குப் போய்விடுவார். மகள் பிள்ளையோடு அறைக்குள் இருப்பாள். கதவு சாத்தியிருக்கும். "பாலு பத்தலம்மா, அதான் புட்டி" என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். பிள்ளையைக் குளிப்பாட்ட நான் கால் நீட்டி உட்கார்ந்தால், வேண்டாம், இங்கே தொட்டியில்தான் என்பாள். நான் அடுப்பங்கரையில் நிற்பேன். ஊரில் போலகம் வரை கூடை சுமந்து, தெருத்தெருவாய்க் கூவி மீன் விற்றவள் நான். அங்கே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மரம் தெரியும். கிழிந்த கிழிந்த பெரிய இலை. பச்சையாய், தேங்காயை விடப் பெரிய காய்கள். ஒரு நாள் காற்றில் ஒன்று முறிந்து எங்கள் பக்கம் விழுந்தது. தோலில் பலா மாதிரி கட்டம் இருந்தது, முள் இல்லை. காம்பில் பால் வடிந்தது. ஏதோ குட்டைப் பலா என்று நினைத்தேன். ஊரில் பலாக்காயைப் பழுக்க வைக்கக் காம்பில் குச்சி அடிப்போம். வேப்பங்குச்சிக்கு எங்கே போவேன்? சீனச் சாப்பாட்டோடு வந்த மூங்கில் குச்சி ஒன்று கிடந்தது. அதைச் சீவி அடித்து, பழைய புடவையில் சுற்றி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே வைத்தேன். சுளை எடுத்து மகளுக்குக் கொடுக்கலாம் என்று எண்ணம்.

நாலாம் நாள் புடவை நனைந்திருந்தது. பிரித்தால் சுளையும் இல்லை, கொட்டையும் இல்லை. புளித்த மாவு போல ஒழுகியது.

வெளியே கொட்டப் போனபோது பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும். முகம் எங்கள் மீன் அங்காடியில் உட்கார்ந்திருக்க வேண்டிய முகம். எந்தக் காலத்திலோ நம் ஊர்ப் பக்கத்திலிருந்து போனவர்களின் வம்சமாம். தமிழ் ஒரு சொல் தெரியாது. காம்பில் இருந்த குச்சியைப் பார்த்து மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கொக்கியால் பச்சைக் காய் ஒன்றை இழுத்துக் கொடுத்தாள். வெட்டு, வேகவை என்று கையாலேயே காட்டினாள். அவள் வீட்டுக் கறிவேப்பிலையும் ஒரு கொத்து ஒடித்துத் தந்தாள்.

கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டினேன். மஞ்சள் போட்டு ஆவியில் வேகவைத்து ஆறவிட்டேன். ஒரு துண்டை விரலால் அழுத்தினேன். உதிர்ந்தது. வேகவைத்துத் தோல் உரித்த சுறா எப்படி உதிருமோ அப்படி. அதே வெள்ளை.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புட்டில் பால் ஊற வைப்பது சுறா பாதி, பூண்டு பாதி. பாதியாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். வெங்காயம், பச்சை மிளகாய், இரண்டு கை பூண்டு, மிளகு. வதக்கி, உதிர்த்ததைப் போட்டுக் கிளறினேன். வாசனை மட்டும் எங்கள் வீட்டு வாசனை. சட்டியைப் பார்க்காமல் நின்றால் ஊரில் இருப்பது போல இருந்தது.

மகள் ஒரு வாய் வைத்தாள்.

"சுறா இல்ல" என்றாள்.

"இல்ல. அந்த மரத்துக் காய்."

"எங்க விட்டாலும் நீ தேறிடுவ" என்றாள். தட்டை வழித்துத் தின்றாள்.

அன்றிலிருந்து தினமும் மதியம் அதுதான். பக்கத்து வீட்டம்மா மதில் மேல் காய் வைத்துவிட்டுப் போவாள். நான் கிளறுவேன். மகள் மிச்சம் வைக்காமல் தின்பாள். பதினெட்டு நாள். புட்டி மட்டும் குறையவில்லை.

வாரம் ஒருமுறை நர்ஸ் ஒருத்தி வீட்டுக்கு வந்து பிள்ளையை எடை பார்ப்பாள். பதினெட்டாம் நாள் அவள் வந்தபோது, நான் என் மார்பைத் தொட்டுக் காட்டி, மகளைக் காட்டி, கையை விரித்தேன். ஏன் ஊறவில்லை என்று கேட்டேன். அவள் மகளைப் பார்த்தாள். இரண்டு பேரும் பிரெஞ்சில் ஏதோ பேசினார்கள். நர்ஸ் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"என்னா சொல்றா?"

மகள் பிள்ளையின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் மாத்திர போட்டுட்டேம்மா. ஆஸ்பத்திரியிலயே. பாலு நிக்கிறதுக்கு."

"எப்ப?"

"நீ வர்றதுக்கு முன்ன. ரெண்டு மாசத்துல வேலைக்குப் போவணும். புட்டியே பழகட்டும்னு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அதுக்குன்னுதான வந்த" என்றாள்.

பூண்டு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சுறாப்புட்டிலும் பூண்டைப் பொறுக்கி ஓரம் வைக்கிற பிள்ளை.

மறுநாள் மதில் மேல் காய் இருந்தது. எடுத்து வந்து வேகவைத்தேன். பூண்டு போடாமல் கிளறினேன். அவள் தின்றாள். பூண்டு எங்கே என்று கேட்கவில்லை. திரும்பி வரும் நாள் வரை அப்படித்தான் செய்தேன்.

இப்போது காரைக்காலில் இருக்கிறேன். அந்தக் காய்க்குக் கறிப்பலா என்று பெயராம், இங்கே வந்தபிறகு ஒருவர் சொன்னார். வீட்டில் நான் மட்டும்தான். வந்த மறுநாளே மீன் எடுக்கத் துறைமுகம் போனேன். ஏலத்தில் பால்சுறா கிடந்தது. என்னோடு மீன் விற்கிறவள் ஒருத்தி கூடையை இறக்கிவிட்டு வந்தாள்.

"என்னாக்கா, சீமைக்குப் போயி கறுத்து வந்துருக்க?"

"வெயிலு."

"மவளுக்குப் புட்டு செஞ்சு குடுத்தியா?"

"குடுத்தேன்."

"பாலு சொரந்துச்சா?"

"சொரந்துச்சு" என்றேன்.

"கைராசிக்காரி நீ" என்றாள் அவள்.

சுறாவை அவள் எடுத்துக்கொண்டாள். நான் சங்கரா எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.