வெண்டைச் செடிக்குக் குச்சி கட்டிய காலை

ஆண்டவருடைய பிள்ளைகளே, உங்கள் முன்னால் நான் உயிரோடு நிற்பது எனக்கே இன்னும் அதிர்ச்சியாகத்தான் இருக்கிறது. நடந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இப்போதும் எங்காவது படபடவென்று சத்தம் கேட்டால் முதலில் தலைக்கு மேலே பார்க்கிறேன்.

என் பெயர் எஸ்தர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த நெய்வேலிக்கு வந்து முப்பது வருடமாகிறது. என் கணவர் சாமுவேல் மைன்ஸில் வேலை பார்த்தார். ஒரே மகள் ஷீபா. அவளுக்கும் இங்கேயே ஆபீஸ் வேலை.

இந்த வருடம் பொங்கல் லீவு முடிந்த சனிக்கிழமை. அவர் நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்தார். "நெஞ்சைக் கரிக்குது எஸ்தர்" என்றார். வாயுவாக இருக்கும் என்று சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். பத்து மணிக்குக் கோவிலில் பாடகர் குழுப் பயிற்சி. படுங்க, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அன்றைக்கு நான் நன்றாகப் பாடினேன். எல்லாரும் சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துச் சோறு வடித்தேன். சோறு வடித்துவிட்டுத்தான் போய்த் தொட்டேன்.

உடம்பு சில்லென்று இருந்தது.

அதற்குப் பிறகு நான் பாடவில்லை. அவர் போய்க்கொண்டிருந்தபோது நான் பாடிக்கொண்டிருந்தேனே என்ற ஒரே நினைப்பு. யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பின்வராந்தாவில் ஒரு கட்டிலைப் போட்டுப் படுத்தேன். தலை வாரவில்லை. ருசியாக எதுவும் சாப்பிடவில்லை. நல்ல சேலை கட்டவில்லை. எனக்கு நானே தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தேன். என் ஜெபம் ஒரே வரிதான்: ஆண்டவரே, என்னையும் எடுத்துக்கொள்ளும். எட்டு மாதம் தினமும் அதையே கேட்டேன்.

செப்டம்பரில் ஒரு நாள் ஷீபா வேலைக்குக் கிளம்பும்போது என் கட்டில் பக்கம் நின்று சத்தமில்லாமல் அழுததைப் பார்த்துவிட்டேன். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு என் வாயில் வேறு ஜெபம் வந்தது. "ஆண்டவரே, எடுத்துக்கொள்ளவும் மாட்டேன் என்கிறீர். எழுந்திருக்க ஒரு காரணமாவது கொடும்" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் கீரைக்கார அஞ்சலை வந்தாள். பண்ருட்டிப் பக்கத்து ஊர்க்காரி, என் வயதுதான். என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டுத் திட்டினாள். "இன்னாம்மா நீ, எப்ப வந்தாலும் படுத்துகினே இருக்க? வூட்டச் சுத்தி எம்மாம் மண்ணு சும்மா கெடக்குது." முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெண்டை விதையை அவிழ்த்து என் கையில் கொட்டினாள். "தண்ணி ஊத்தணும். அதுக்காச்சும் எந்திரிப்ப."

சகோதர சகோதரிகளே, பதில் வந்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவள் வாய்க்குப் பயந்துதான் விதை போட்டேன்.

ஐந்தாம் நாள் முளை மண்ணைத் தலையால் முட்டிக்கொண்டு வெளியே வந்தது. என்னையறியாமல் சிரித்துவிட்டேன். உடனே தூக்கிவாரிப் போட்டது. எஸ்தர், நீ சிரிக்கலாமா என்று என்னையே கேட்டுக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆனால் மறுநாள் தண்ணீர் ஊற்ற வெளியே வந்துதானே ஆகவேண்டும்? வந்தேன். செடிக்கு ஊற்றிவிட்டு நானும் ஒரு காபி குடித்தேன். ஆற வைத்த காபி இல்லை, சூடான காபி. இன்னொரு நாள் தலைக்கு எண்ணெய் வைத்தேன். தையல்சிட்டு ஒன்று வந்து, இத்தனூண்டு உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு சத்தமாகக் கத்தியது. அதைக் கேட்பதற்காகவே சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் மனம் குத்தியது. குத்தினாலும் செய்தேன்.

நவம்பர் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை ஆறரை மணிக்கு மழை நின்று வானம் வெறித்தது. வழக்கமாக ஏழரை வரை வராந்தாக் கட்டிலில் படுத்திருப்பேன். அன்றைக்கு, செடியெல்லாம் சாய்ந்திருக்குமே என்ற பதைப்பில் எழுந்து தோட்டத்து மூலைக்குப் போனேன். பூ விட்டிருந்த செடி ஒன்று படுத்துக் கிடந்தது. பழைய சேலைக் கிழிசலால் அதைக் குச்சியில் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருக்கிறேன். பத்து மாதம் கழித்து.

பின்னால் படபடவென்று முறியும் சத்தம். திரும்பினேன். வராந்தாவை ஒட்டி நின்ற எங்கள் தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை, மழையில் ஊறிய பாரம் தாங்காமல், வராந்தாக் கூரையை உடைத்துக்கொண்டு இறங்கியது. தலையணை வைத்திருந்த பக்கம் கட்டில் தரையோடு தரையாகிவிட்டது.

என் வாயிலிருந்து என்ன வார்த்தை வந்தது தெரியுமா? "ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும்!" அந்தக் கிளை விழுந்ததைவிட இந்த வார்த்தைதான் என்னைக் கதிகலங்க வைத்தது. எட்டு மாதம் நான் கேட்ட சாவு வந்து, ஆளில்லாத கட்டிலில் விழுந்து கிடக்கிறது. நானோ உயிருக்குக் கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன்.

ஷீபா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். கட்டிலைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "அம்மா, அம்மா" என்று அலறிக்கொண்டு கிளையைக் கையால் பிய்த்தாள். நான் பத்தடி தூரத்தில், கையில் சேலைக் கிழிசலோடு நிற்கிறேன். எப்படியோ நடந்துபோய் அவள் தோளைத் தொட்டேன். திரும்பிப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் விரலெல்லாம் இரத்தம்.

அந்த ஈரத்தில் உட்கார்ந்துதான் அவளிடம் சுக்குத் தண்ணீர் விஷயத்தை முதல்முறையாகச் சொன்னேன். நான் போகாமல் இருந்திருந்தால் உன் அப்பா இருந்திருப்பார் என்றேன்.

அவள் முகம் வெளுத்துப்போனது. பிறகு சொன்னாள்: "அப்பா அன்னைக்கு எனக்கும் போன் பண்ணாரும்மா. பதினொரு மணிக்கு. நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குன்னார். வாயு மாத்திரை போட்டுட்டுப் படுங்கப்பான்னு சொல்லிட்டு வச்சிட்டேன். ஆபீஸ்ல வேலை இருந்துச்சு."

ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். ஒரே பாரத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம். என் பிள்ளை எனக்காக மட்டும் அழுகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

நீ சின்னப் பிள்ளை, உனக்கு எப்படித் தெரியும் என்று அவளைக் கட்டிக்கொண்டேன். "உங்களுக்கு மட்டும் எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டாள். அவளை மன்னிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதே மன்னிப்பை எனக்குக் கொடுக்கத்தான் பத்து மாதம் முடியவில்லை. அன்றைக்குக் கொடுத்தேன்.

அவரை ஏன் காப்பாற்றவில்லை, என்னை ஏன் காப்பாற்றினீர் என்று ஆண்டவரிடம் கேட்டேன். இன்னும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி உங்கள் முன்னால் நடிக்க மாட்டேன். ஆனால் நான் வாயால் கேட்டதைத் தள்ளிவிட்டு, எனக்குத் தேவையானதைக் கொடுத்தவர் அவர் என்று சாட்சி சொல்வேன்.

போன ஞாயிறு ஆராதனையில் பாடினேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படிச் சொல்லிக்கொள்வதே எனக்குப் புதுப் பழக்கம்.

உங்களில் யாராவது என்னைப்போல் சாவைக் கேட்டு ஜெபித்துக்கொண்டிருக்கலாம். வெளியே பார்த்தால் தெரியாது, என் மகள் சுமந்தது எனக்கே தெரியவில்லையே. ஆண்டவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள், கோபமாகவே சொல்லுங்கள், அவர் தாங்குவார். ஆனால் அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் ஒருவரிடம், டாக்டரிடம், இல்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள். எழுந்து வர முடியவில்லையா, சொல்லியனுப்புங்கள். நான் வருகிறேன். பேசக்கூட வேண்டாம், உங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.